ஸ்டோர்காரர் பத்திரப்படுத்திய குரல்

அந்தத் தெருவில் குழாய்க்கு வாஷர் வேண்டுமென்றாலும், மூக்குக்கண்ணாடியின் குட்டித் திருகாணி தொலைந்துபோனாலும், ஆட்கள் கடைக்குப் போக மாட்டார்கள். நேராக ஸ்டோர்காரர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பம்பு செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சாமானும் வீட்டில் ஒன்றுக்கு மூன்றாக இருந்தால்தான் மனுஷனுக்குத் தூக்கம் வரும். மூன்று டார்ச், மூன்று கத்தரிக்கோல், மூன்று பாட்டில் திறப்பான். "பெண்டாட்டிக்கு மட்டும்தான் ஸ்பேர் கிடைக்கலை" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதற்கு உள்ளேயிருந்து ஒரு பதில் வரும். அந்தப் பதில் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அப்படி ஒரு குரல் அவளுக்கு. அதே தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். அவர் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலைத்தான் தெரிந்துகொண்டார். ஸ்டோரில் இருந்த கறுப்பு போன் அடிக்கும். எடுத்தால், "ஸ்டோர்ஸா? லைன்ல இருங்க" என்பாள். அவ்வளவுதான். அப்புறம் வேறு யாராவது வந்து பேரிங் எங்கே, போல்ட் எங்கே என்று கத்துவார்கள். அந்த ஒரு வரியைக் கேட்பதற்காகவே இவர் தேவையில்லாத டிபார்ட்மெண்டுக்கெல்லாம் லைன் கேட்க ஆரம்பித்தார். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்.

"சார், உங்களுக்கு நிஜமா யார்கிட்டதான் பேசணும்?"

"ஆபரேட்டர்கிட்டத்தான்" என்றார் இவர். வாழ்நாளில் அவர் செய்த ஒரே துணிச்சலான காரியம் அதுதான். கல்யாணம் முடிந்து, பெண் பிறந்து, அந்தப் பெண் கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் அவளை அவர் ஆபரேட்டர் என்றுதான் கூப்பிட்டார்.

அந்தத் தொண்டைக்குத்தான் புற்றுநோய் வந்தது. முதலில் கரகரப்பு, சளி என்று நினைத்தார்கள். அப்புறம் ஸ்கேன், அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ஆளே மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு யாராவது என்றால் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டோர்காரரும் இடிந்துதான் போனார், ஆனால் உட்காரவில்லை. ஓடிப்போய் ஒரு மைக் வாங்கிவந்து கம்ப்யூட்டரில் மாட்டினார். இல்லாமல் போகப்போகிற சாமானுக்கு ஸ்பேர் எடுத்து வைக்க வேண்டும், அவருக்குத் தெரிந்தது அதுதான்.

மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஆபரேட்டருக்குப் பேச்சே வரவில்லை.

"என்னத்தைங்க பேசறது? பைத்தியக்காரத்தனமா இருக்கு."

"எதையாவது பேசேன். வாய் மூடாமப் பேசுவியே."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஸ்டோர்ஸா? லைன்ல இருங்க" என்றாள். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கப்புறம் நிற்கவே இல்லை. மகளை "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டு ஊர்க்கதையெல்லாம் சொன்னாள். இன்னும் உண்டாகாத பேரப்பிள்ளையைக் கொஞ்சினாள். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுகிற ஆளைப் பற்றி நீளமாக ஒரு புகார் வாசித்தாள். பேச ஒன்றுமில்லாமல் போனபோது மேஜைமேல் கிடந்த மின்சார பில்லை எடுத்து, மீட்டர் எண் முதற்கொண்டு கணீரென்று படித்தாள். அவர் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

முடித்ததும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதை நானாக் கேக்கற வரைக்கும் இந்த வீட்டுல போடக்கூடாது. பாப்பாவுக்கும் அனுப்பக்கூடாது. கேட்டுட்டு அவ அங்க அழுவா, அவ அழறதைப் பாத்து நான் இங்க அழணும். எதுக்கு? திறந்துகூடப் பாக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். வேறு குரல்பதிவு என்று அவர்களிடம் எதுவும் இல்லை. மகளோடு தினமும் போனில் பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று. கல்யாண வீடியோவில் முழுக்கப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தான் அந்த வீடியோக்காரப் புண்ணியவான்.

ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் ஒரு சின்னத் துவாரத்தோடு அவள் வீட்டுக்கு வந்தாள். முதலில் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். இவரோ, எழுத்துப் புரியவில்லை, கண்ணாடியைக் காணோம் என்று நழுவினார். மூன்று கண்ணாடி வைத்திருக்கிறவர் சொல்கிற பேச்சா இது? விடுவாளா அவள்? கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, எழுத்து ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்ட ஆரம்பித்தாள். "ஈரத்துண்டு!" என்று கட்டிலுக்கு மேலே ஒன்று. "லைட்டை அணை" என்று குளியலறையில் ஒன்று. கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் தட்டில் இரண்டு தட்டு. கோபமென்றால் ஒரே தட்டு, அது தெருமுனை வரைக்கும் கேட்டது.

அந்த பிரிண்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எவன் கண்டுபிடித்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும்! அவள் தட்டுவதெல்லாம் கறுப்பு எழுத்து. ஆனால் மஞ்சள் மை தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். மஞ்சளுக்கும் ஈரத்துண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்? மை வாங்கிப் போட்டால் காகிதம் சிக்கிவிட்டது என்னும். காகிதத்தை உருவிப் போட்டால், இன்னும் சிக்கியிருக்கிறது என்று சாதிக்கும். ஸ்டோர்காரர் முழங்காலில் உட்கார்ந்து அதன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, ஆபரேட்டர் பின்னால் நின்று கரண்டியால் தாளம் போடுவாள். அந்த வீட்டில் அப்போது சண்டையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. பேச்சுதான் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது.

பதிவு செய்த குரல் கம்ப்யூட்டருக்குள் எங்கோ ஆழத்தில் கிடந்தது. ஒருமுறை மருமகன் வந்திருந்தபோது, மாமா தேடித் தவிக்கக்கூடாதே என்று, திரையின் முகப்பிலேயே அதற்கு ஒரு படம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். கீழே 'குரல்' என்று பெயர். மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி. அதற்கப்புறம் இவருக்கு வசதியாகிவிட்டது. அந்தப் படத்தை இழுத்து மூன்று பென்டிரைவில் போட்டார். ஒன்று பீரோவில், ஒன்று மருந்துப் பெட்டியில், வீடு தீப்பிடித்தால் என்ன செய்வது என்று இன்னொன்று பக்கத்து வீட்டில். மாதம் பிறந்தால் மூன்றையும் எடுத்துவந்து புதிதாக ஒருமுறை போட்டு வைப்பார். கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். "எவ்வளவு வேகம் பாரு" என்று மெச்சிக்கொள்வார்.

தொழிற்சாலையில் அவர் அப்படி இருந்தவரில்லை. சீல் வைத்த பெட்டி வந்தாலும் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். பேரிங் என்று எழுதியிருந்த பெட்டிக்குள் ஒருமுறை துருப்பிடித்த ஆணிகள் இருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஆனால் இந்த ஒரு பெட்டியைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டாரே.

ஒருநாள் கம்ப்யூட்டர் உள்ளேயிருந்து டிக் டிக்கென்று சத்தம் போட்டது. அப்புறம் திரை கறுத்தது, எழுந்திருக்கவே இல்லை. ஸ்டோர்காரர் கொஞ்சமும் அசரவில்லை. மூன்று பென்டிரைவ் இருக்கிறதே! வேறொரு கம்ப்யூட்டர் வாங்கிவந்து வைத்தார். பழையது கூடத்து மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. எதையும் தூக்கி எறிந்து பழக்கமில்லாத ஆள். ஆபரேட்டர் காலை அதில் இடித்துக்கொண்டாள். அன்றைக்கு வந்த தாளில் "அந்த ஓட்டை டப்பாவைத் தூக்கிப் போடுங்க" என்று இருந்தது. மறுநாளும் அதையே ஒட்டினாள். அவர் பழைய சாமான்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்.

மழைக்காலம் போய் வெயில் வந்தபோது மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. போனில் குழந்தையைக் காட்டினாள். ஆபரேட்டர் இரண்டு கையையும் ஆட்டினாள், உதட்டைக் குவித்தாள், குழந்தை வேறெங்கோ பார்த்தது. மகள் சிரித்துக்கொண்டே, "அம்மா, சத்தம் கேட்டாத்தான்மா திரும்புறா" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். போன் வைத்தபிறகு ஆபரேட்டர் எழுந்துபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பிரிண்டர் அதிசயமாக அன்றைக்கு அடம்பிடிக்கவில்லை.

"போடுங்க. கேக்கணும்" என்று இருந்தது தாளில்.

ஸ்டோர்காரர் துள்ளி எழுந்தார். இந்த நாளுக்காகத்தானே இத்தனை காலம் காத்து வைத்திருந்தார்! பீரோவிலிருந்து பென்டிரைவை எடுத்துவந்து செருகினார். 'குரல்' என்று படம் வந்தது. "ரெடியா ஆபரேட்டர்?" என்று கேட்டுவிட்டு அழுத்தினார். நீங்கள் தேடுவது இடம் மாறிவிட்டது அல்லது அழிந்துவிட்டது என்று ஒரு வரி வந்தது. மறுபடி அழுத்தினார். மருந்துப் பெட்டியில் இருந்ததை எடுத்தார். செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். மூன்றும் ஒரே வரியைத்தான் சொல்லின.

மூன்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தாள். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். இதுல பதிவு எதுவும் இல்லை. இது வெறும் அம்புக்குறிதான். அந்தப் பதிவு பழைய கம்ப்யூட்டர்ல எந்த இடத்துல இருக்குன்னு காட்டும், அவ்வளவுதான். நிறையப் பேரு இப்படித்தான் ஏமாந்து போறாங்க."

"மாசா மாசம் போட்டேம்மா."

"மாசா மாசம் அம்புக்குறியைத்தான் சார் போட்டிருக்கீங்க. பழைய கம்ப்யூட்டரைக் கொண்டாங்க, எதையாவது எடுக்க முடியுதான்னு பாக்கறேன்."

அவர் எழுந்து நடந்தார். பழைய சாமான் கடை அங்கிருந்து தொலைவில்லை. கடைக்காரர் ஒரு குவியலைக் காட்டினார். உடைத்துப் பிரித்துத் தனித்தனியாகப் போட்டு, லாரி ஏற்றி அனுப்பி மாதக்கணக்காகிவிட்டது என்றார். ஸ்டோர்காரர் அந்த இரும்புக் குவியலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் குனிந்து நின்று தேடினார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டில் ஆபரேட்டர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் மறைக்கவில்லை. மறைக்கவும் தெரியாது.

"போச்சு ஆபரேட்டர். மூணுலயும் இல்லை. நான் படத்தைத்தான் காப்பி பண்ணியிருக்கேன், பதிவைப் பண்ணலை. திறந்து பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஆயிரம் பெட்டியைப் பிரிச்சுப் பாத்த முட்டாப்பய, இதைப் பாக்கலையே."

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கரண்டி பறந்து வரும் என்றுதான் எதிர்பார்த்தார். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பழைய கம்ப்யூட்டர் கிடந்த மூலையைப் பார்த்தாள். அதைத் தூக்கிப் போடச் சொன்ன தாள் இன்னும் அங்கேதான் சுவரில் ஒட்டியிருந்தது. எழுந்துபோய் அதைக் கிழித்தாள். கிழித்துவிட்டு உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மத்தியானம் முழுக்க அந்த வீட்டில் தட்டுச் சத்தம் இல்லை. ஸ்டோர்காரர் சாப்பிடவில்லை, கூடத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் இறங்கும்போது அவள் எழுந்து வந்து கம்ப்யூட்டரைத் தட்ட ஆரம்பித்தாள். நீளமாகத் தட்டினாள். பிரிண்டர் முனகிவிட்டு, மஞ்சள் மை இல்லை என்று விளக்கைச் சிமிட்டியது. கறுப்பு மைக்கு மூன்று ஸ்பேர் வைத்திருந்தார். மஞ்சளுக்கு ஒன்றுகூட இல்லை. அவர் மஞ்சள் டப்பாவைக் கழற்றி, குலுக்கி, ஊதி, மறுபடி போட்டார். என்ன திட்டப்போகிறாளோ, எதுவாக இருந்தாலும் சரி, வந்தால் போதும் என்று அதன் வாயருகே கையேந்தி நின்றார். தாள் கோடு கோடாக, பாதி எழுத்து மங்கி வெளியே வந்தது. ஜன்னலருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"குழந்தைக்காக மட்டும் கேக்கலை. என் குரல் எப்படி இருக்கும்னு எனக்கே மறந்துபோச்சு. மனசுக்குள்ள பேசினாக்கூட யாரோ பேசற மாதிரி இருக்கு. நீங்க பக்கத்துல இருந்து கேட்டவராச்சே. லைன்ல இருங்கன்னு நான் எப்படிச் சொல்வேன்? சொல்லிக் காட்டுங்க."

அவர் அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். இது தெரியாதா? இதைக் கேட்டுத்தானே அவர் வாழ்க்கையே ஆரம்பித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஸ்டோர்ஸா? லைன்ல இருங்க" என்றார்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள்.

குரலைக் கொஞ்சம் ஏற்றி, 'லைன்ல' என்பதை இழுத்துச் சொல்லிப் பார்த்தார். அவள் மறுபடியும் தலையாட்டினாள். அவருக்கே தெரிந்தது, அது இல்லை. வார்த்தை அப்படியே இருந்தது, அவள் சிரித்த இடம் ஞாபகம் இருந்தது, மின்சார பில்லின் மீட்டர் எண்கூட ஞாபகம் இருந்தது. குரலை மட்டும் காணோம். எத்தனை வருஷம் காதில் விழுந்த குரல், எங்கே போய்த் தொலைந்தது?

"இரு, இரு, வந்துடும்" என்றார் அவர். "ஸ்டோர்ஸா? லைன்ல இருங்க. லைன்ல இருங்க."

வாசலில் யாரோ வாஷர் கேட்டு வந்து நின்றார்கள். உள்ளே கிழவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் கண்ணை மூடியபடி ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் கதவைத் தட்டாமல் திரும்பிப் போய்விட்டார்கள்.