இரட்டித்தும் மாறாத எண்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் ‘டபுள் டூட்டி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். யார் லீவு போட்டாலும் அந்த ஷிப்டும் அவள் தலையில் விழும். நாற்பதைத் தாண்டி முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியதும், உட்கார்ந்து பார்க்கும் ஸ்டோர் வேலையைக் கேட்டாள். பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்றார்கள். அவளோ என்றைக்கோ கணக்கில் கோட்டை விட்டவள். வேலை முடிந்த கையோடு, பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

அங்கே பூஜ்ஜியம் அவளைப் படுத்தி எடுத்தது. எந்த மெய்யெண்ணைப் பூஜ்ஜியத்தால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். ஏன் என்று நிரூபிக்க வேண்டும்.

“இதுல என்ன இருக்கு?” என்றான் கணவன், வெங்காயம் உரித்தபடி. “அஞ்சு தட்டு வை. எதுலயும் ஒண்ணும் போடாத. மொத்தமும் ஒண்ணுமில்ல. முடிஞ்சுபோச்சு.”

“அஞ்சுக்குச் சரி. ரூட் ரெண்டுன்னா எத்தன தட்டு வைப்பீங்க? மைனஸ் மூணுக்கு?”

அவன் கத்தியைக் கீழே வைத்தான். “நம்ம வீட்ல அவ்வளவு தட்டு ஏது?”

சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பூஜ்ஜியத்தோடு பூஜ்ஜியத்தைக் கூட்டினாலும் பூஜ்ஜியமே. அதனால் ஓர் எண்ணை ஒரு பூஜ்ஜியத்தால் பெருக்குவதும், இரண்டு பூஜ்ஜியங்களால் தனித்தனியே பெருக்கிக் கூட்டுவதும் ஒன்றே; அதாவது, வரும் விடையும் அந்த விடையின் இரு மடங்கும் ஒன்றுதான் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். வரி வரியாகப் பார்த்தால் புரிந்தது. சேர்த்துப் பார்த்தால் கண் சொருகியது.

மறுநாள் சலவை இயந்திரத்தின் முன் அழுக்குப் போர்வைகளோடு ஒரு வண்டி வந்து நின்றது. மூச்சு விடுவதற்குள் அதே அளவு இன்னொன்று. குவியல் இரட்டித்துவிட்டது. எது இருந்தாலும் இரட்டித்தால் மாறத்தானே செய்யும்? மைனஸ் மூன்றுகூட மைனஸ் ஆறாகிவிடும். மாறாதது பூஜ்ஜியம் ஒன்றுதான். அப்படியானால், இரட்டித்தும் மாறாத அந்த விடை வேறெதுவாக இருக்க முடியும்? தட்டே வேண்டாம்! ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னக்கா, உடம்பு சரியில்லையா?” என்றாள் பக்கத்தில் துணி பிரித்துக்கொண்டிருந்தவள்.

“இல்லடி, கணக்கு வந்துடுச்சு.”

தேர்வில் மயிரிழையில் தேறினாள். அதற்குள் ஸ்டோர் வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த இடம் காலியானால் பார்க்கலாம் என்றார் அதிகாரி. அவள் சண்டை போடவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. வீட்டுக்கு வந்து காலை நீட்டினாள். கணவன் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான்.

“இனிமே வகுப்பு கிடையாதுல்ல? கொஞ்சம் ஓய்வா இரு.”

“மேல் வகுப்புல சேரணுங்க. மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் பிளஸ் வருதுன்னு இன்னும் பிடிபடல.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் தூங்கிப்போயிருந்தாள்.