தொட்டித் தண்ணீரும் ஒரு முழங்காலும்

அந்தத் தொட்டியை அலவாங்கு கொண்டு உடைத்தெறிய வேண்டுமென்று நான் நினைக்காத நாளில்லை. கரவெட்டியில் எங்கள் வளவுக்குள், கிணற்றடிக்குப் பக்கத்தில், புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட மாமனார் கட்டிய நீளமான சீமெந்துத் தொட்டி அது. ஆள் இறங்கி நின்றால் நெஞ்சளவு வரும். மாமனார் காலமான பிறகு சருகும் தவளையும்தான் அதற்குள் குடியிருந்தன. எண்பத்தாறாம் ஆண்டில் அதை என் கணவருக்கு வீட்டுக் கடலாக மாற்றினோம்.

மோட்டார் சைக்கிளால் விழுந்து அவருடைய வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. எலும்பு பொருந்திவிட்டது, முழங்கால்தான் மடங்க மறுத்தது. "ஒவ்வொரு நாளும் கடல் தண்ணிக்குள்ளை நெஞ்சளவிலை நிண்டு நடக்கவேணும். உப்புத் தண்ணி ஆளைத் தாங்கும். நாள் போக விட்டால் முழங்கால் உப்பிடியே இறுகிப்போம்" என்றார் டொக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். சண்டை நடந்து, கடலில் நேவி நின்ற காலம். மீன்பிடிக்கிறவர்களே இறங்கப் பயந்த தண்ணீரில் தடி ஊன்றுகிற மனிதன் போய் நடப்பதா? தொண்டைமானாற்று உப்பு ஏரி இருந்தது. ஆனால் அது முழங்காலளவு தண்ணீரும் அதற்குக் கீழே சேறும். நல்ல காலையே இழுத்துவிடும்.

அவர் பருத்தித்துறையில் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர். பஸ் இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஓடாது. சைக்கிள் மிதித்தால்தான் வேலை. லீவும் முடிந்துகொண்டு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஏறி மிதித்துப் பார்ப்பார். பெடல் பாதி வட்டம் வரும், முழங்கால் நின்றுவிடும், பெடலும் நின்றுவிடும். அவர் இறங்கிச் செயினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து வைப்பார். அதைப் பார்ப்பதுதான் என்னைக் கொன்றது.

தெரிந்த ஒருவர் உழவு இயந்திரப் பெட்டியில் பெரிய தகரப் பரல்களை ஏற்றி ஏரித் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். மீதிக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டோம். கிணறுகளுக்குப் போடவென்று சுகாதாரப் பரிசோதகர் கொடுக்கும் குளோரின் தூளில் கொஞ்சம் வாங்கிக் கரைத்து ஊற்றினேன். முதல்நாள் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெள்ளையாகக் கலங்கியது. அடுத்த கிழமை பச்சை. இன்னும் குளோரின் போட்டேன். மூக்கைப் பிடுங்குகிற மணம் வந்ததே தவிரப் பச்சை போகவில்லை. இறங்கிய மனிதர் காலெல்லாம் சிவந்து, கண் எரிந்து, தோல் கடிக்கக் கடிக்கச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார்.

"இனி நான் இறங்கேல்லை. விடும்" என்றார்.

விடுவதா? தண்ணீரை முழுக்க இறைத்து, தும்புக்கட்டையால் தேய்த்து, திரும்ப ஏரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு, திரும்பக் குளோரின். திரும்பப் பச்சை. திரும்ப இறைப்பு. தலையால் தண்ணீர் குடித்தேன் என்று சும்மா சொல்வார்களே, நான் அதைத்தான் செய்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமூகக்கல்வி படிப்பித்துக்கொண்டு நிற்பேன், மனம் தொட்டியில் நிற்கும்.

எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞான ரீச்சரிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அவர் ஒரு சின்னப் போத்தலுக்குள் லிட்மஸ் என்கிற பாசிச்சாயத் தாள் தந்தார். "சிவப்புத் தாளைத் தோய்ச்சுப் பாரும். நல்லாய் நீலமாய் வந்தால் தண்ணியிலை காரம் கூடிப்போச்சு. அப்ப நீர் எவ்வளவு குளோரின் போட்டாலும் வேலை செய்யாது" என்றார். தோய்த்தேன். தாள் மைப்போத்தலுக்குள் விழுந்தது போல நீலமாகியது. ஏரித் தண்ணீரைத் தனியாகத் தோய்த்தேன், ஓரத்தில் மட்டும் மெல்லிய நீலம். கடல் தண்ணீரும் அவ்வளவு காட்டும் என்றார் ரீச்சர். கிணற்றுத் தண்ணீரிலும் பெரிய பிழையில்லை. வெளியில் நல்லதாக இருக்கிற தண்ணீர், எங்கள் தொட்டிக்குள் வந்ததும் எப்படிக் கெடுகிறது? பரல்காரரைச் சந்தேகித்தேன். பக்கத்து வேம்பைச் சந்தேகித்தேன். குளோரினைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுத் திட்டினேன்.

ஒருநாள் தலைக்குமேல் ஹெலிகொப்டர் சுற்றியதால் பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டுவிட்டார்கள். அன்றைக்கும் தொட்டி இறைக்கிற நாள். நான் வீட்டுக்கு வந்தபோது, எங்களோடு இருந்த என் மச்சாள், என் கணவரின் தமக்கை, வெறும் தொட்டிக்குள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். கையில் தூரிகை, காலடியில் வாளி, மூக்கு நுனியில் வெள்ளைப் பொட்டு.

"என்ன மச்சாள் செய்யிறியள்?"

"தெரியேல்லையே? சுண்ணாம்பு அடிக்கிறன்."

"அது முதன்முதல் இறைச்ச அண்டைக்கு அடிச்சனீங்கள்தானே?"

"அண்டைக்கு மட்டுமே? ஒவ்வொருக்கா இறைக்கேக்கையும் நீர் பள்ளிக்கூடம் போனாப்போலை அடிக்கிறனான். பாசி பிடிச்ச சுவரிலை என்ரை தம்பி முதுகைச் சாய்க்கிறதே?"

பொங்கலுக்குச் சுவர், கலியாணத்துக்குக் கிணற்றுக்கட்டு, ஒன்றுமில்லாவிட்டால் தென்னைமரத்து அடி. சுண்ணாம்பு அடித்தால்தான் எங்கள் ஆட்களுக்கு ஒன்று சுத்தமானதாகும். சுண்ணாம்பின் காரம் காயுமுன்பே அதற்குமேல் தண்ணீரை விட்டிருக்கிறார். கலங்கலும் நீலமும் சொறியும் எங்கிருந்து வந்தன என்று ஒரு நொடியில் விளங்கியது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உங்கடை சுண்ணாம்பாலைதான் மச்சாள் இவ்வளவும்! அந்த மனிசன்ரை காலைப் பொசுக்கினது உதுதான்!" என்று கத்தினேன்.

மச்சாள் தூரிகையை வாளிக்குள் வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. "அக்கா நல்லதெண்டுதானே செய்தவ" என்றார் இவர். "உங்கடை குடும்பத்திலை எல்லாரும் நல்லதுதான் செய்யினம். தண்ணிதான் கெட்டுப்போகுது" என்றேன். சொன்னதற்காக நான் அப்போதும் வருந்தவில்லை.

அடுத்தநாள் சிரட்டையால் சுவரைச் சுரண்டத் தொடங்கினேன். சுரண்டிய இடத்தைப் பித்தளைக் குடம் விளக்குவதுபோலப் பழப்புளி போட்டுத் தேய்த்தேன். குடத்துக்குச் சரி, தொட்டிக்குத் தேய்க்கிறவளை நினைத்துப் பாருங்கள். பாதியில் மச்சாள் வந்தார். தான் ஒளித்து வைத்திருந்த பழைய புளி உருண்டையோடு இறங்கி மற்றச் சுவரைத் தேய்த்தார். புளி எங்கள் நகக்கண்ணெல்லாம் எரிந்தது. இருவரும் முகம் பார்க்கவில்லை.

கழுவி, காயவிட்டு, திரும்ப நிரப்பினோம். தாளின் ஓரத்தில் மட்டும் மெல்லிய நீலம். பொழுதுபட்ட பிறகு ஒரு பிடி குளோரின், அவ்வளவுதான். தண்ணீர் தெளிந்தே கிடந்தது, அடிச்சீமெந்தின் வெடிப்புக்கூடத் தெரிந்தது. அவர் பயந்து பயந்து இறங்கினார். சொறியவில்லை. நாளுக்கு நாள் தொட்டியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தார். தடி மேலே கிடந்தது. நான் பாசிச்சாயத் தாளும் கையுமாக நின்று காவல் காத்தேன். மச்சாளைத் தொட்டிப் பக்கம் விடுவதில்லை.

மாரிக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற எனக்குச் சைக்கிள் செயின் சத்தம் கேட்டது. நிற்கும் நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஸ்ராண்டில் நின்ற சைக்கிளில் பெடல் முழு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார், நான் அழுதேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டுப் பார்சலைக் கரியரில் வைத்துக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டார். ஒழுங்கை முடக்கில் சைக்கிள் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் பருத்தித்துறைப் பக்கம் ஷெல் அடிக்கிற சத்தம் கேட்டது. அந்தக் காலத்தில் கேட்காத சத்தமல்ல. அடுத்த வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போனவர்களுக்காக வாசல் படலையில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்பதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். அவ்வளவு மாதமும் நான் ஒருநாள்கூட அப்படி நின்றதில்லை. எனக்கிருந்த கவலையெல்லாம் தண்ணீர்க் கவலைதான்.

மச்சாள் பக்கத்தில் வந்து நின்று படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி இன்னும் கொஞ்சநாள் பழுதாய்க் கிடந்திருக்கலாம்" என்றார்.

அவர் சொன்ன ஒன்றுக்கு நான் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. இருவரும் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.