சாப்பாட்டு நேரத்தில் வாசித்த புத்தகம்

ஷூ கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர் என்றால், மேலே இருப்பவர்களின் நல்லெண்ணத்தைக் கொண்டுபோய்க் கீழே இருப்பவர்களின் தலையில் இறக்குகிற வேலை; அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊரே மெச்சிய புத்தகம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆம்பூரில் வேலை பார்த்தேன். ஒருநாள் முதலாளியின் மனைவி ஒரு புத்தகம் கொடுத்தனுப்பினார். வீட்டை விட்டுக் கிளம்பி, ஒரு வருடம் மலைப்பக்கம் தனியாகத் திரிந்து, தன்னைத்தானே கண்டுகொண்ட ஒரு சென்னை அம்மாளின் சொந்தக் கதை. பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்து ஆடின. மறுநாள் வேலைக்கு வரக் காட்பாடியில் ரயில் ஏறியதும் ஆசையாகப் பிரித்தேன். முதல் அத்தியாயத்திலேயே வீட்டையும் பிள்ளையையும் சமையல்காரியிடம் ஒப்படைத்துவிட்டு அம்மாள் போய்விட்டார். அப்புறம் முந்நூறு பக்கம் சூரிய உதயம். அந்தச் சமையல்காரி என்ன ஆனாள் என்று கடைசிவரை தேடினேன். ஒரு வரி இல்லை. ஏமாற்றமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

இதைத் தையல் லைன் பெண்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்ட வேண்டுமாம். புத்தகம் பிடிக்கவில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். "முதலாளியம்மா குடுத்தது. புடிக்குது, புடிக்கலன்னு உங்கள யாரு கேட்டா? படிங்க" என்றார்.

வேதபாடக் குரல்

ஞாயிறுதோறும் சர்ச்சில் வேதபாடம் வாசித்துப் பழகிய குரல் எனக்கு. எதை வாசித்தாலும் அது வேதமாகிவிடும். முதல் நாள், "அந்தம்மா லீவு லெட்டர் யார்கிட்ட குடுத்துச்சு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் சிரிப்பு நின்றுவிட்டது. ஷூவின் மேல்பாகம் தைக்கிற விஜயா டப்பாவைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷனுக்கு வேலை போய்விட்டது, குடி மட்டும் போகவில்லை. இரண்டு பிள்ளைகள். அவள் மிஷினில் உட்கார்ந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

எனக்கே பிடிக்காத புத்தகம் இது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் வாய் பிளந்து கேட்டதில் எனக்கும் தலைக்கனம், சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தை முடித்த அன்று விஜயா வந்து, "இது நெசமாவே நடந்ததா மேடம்?" என்றாள். நடந்ததுதான் என்றேன். "அப்ப நம்மளாலயும் முடியும், இல்ல?" என்றாள்.

நான்காம் நாள்

எங்கள் கேட்டில் ஒரு பலகை உண்டு. ஆளுக்கொரு நம்பர் போட்ட தகர டோக்கன் அதில் தொங்கும். சொல்லாமல் மூன்று நாள் வராதவளின் டோக்கனை நான்காம் நாள் கழற்றி, வெளியே வேலைக்கு நிற்கிற பெண்ணிடம் கொடுத்துவிடுவோம். கழற்றுவது என் வேலை. அந்தத் திங்கட்கிழமையிலிருந்து விஜயா வரவில்லை. வியாழக்கிழமை காலை கழற்றினேன்.

வெள்ளிக்கிழமை வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆலங்காயம் தாண்டி மலையில் ஒரு கோயில் மண்டபத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாளாம். வீடு திரும்பியதும் புருஷன் அடித்திருக்கிறான். ஓடிப்போய் மேனேஜரிடம் கெஞ்சினேன். "ஒருத்திக்கு விட்டா நாளைக்கு லைனே காலியாய்டும்" என்று கையை விரித்துவிட்டார்.

வெளியே வந்து சொன்னேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "அந்தம்மா திரும்பி வந்தப்ப எல்லாரும் கட்டிப் புடிச்சி அழுதாங்கன்னு நீங்கதான மேடம் படிச்சீங்க?" என்றாள்.

தான் யாரென்று தெரிந்துகொள்ள அந்த அம்மாளுக்கு ஒரு மலையும் ஒரு வருடமும் தேவைப்பட்டன. எனக்கு ஒரு தகர டோக்கன் போதுமானதாக இருந்தது.