வராதவர்களின் டாக்டர்

அக்கா தன் வாழ்நாளில் எத்தனை வீட்டுக் கதவுகளைத் தட்டியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த வாரம் அவளே தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்தால் பாதி காலியாகித் திரும்பி வரும். பேச்சுதான் வராது. கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது மட்டும் உள்ளே இருந்தபடியே, "வேலையை விட்டுட்டேன்னு சொல்லிடு" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் என்ன உனக்கு எடுபிடியா? நீயே சொல்லிக்கோ" என்று கத்தினேன். போனில் நான் சொன்னது, "அக்கா தூங்குறா" என்பதுதான். அதற்குப் பிறகு வந்த போன்களுக்கும் அதையேதான் சொன்னேன்.

நடந்தது இதுதான். அவளிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஓர் இளைஞன் தன் உயிரை முடித்துக்கொண்டான். மனநல டாக்டராக இத்தனை வருடம் இருந்தவளுக்கு இப்படி ஒரு செய்தி வருவது முதல் முறை அல்ல. இந்த முறை அடி வேறு இடத்தில் விழுந்திருந்தது. அது எந்த இடம் என்று சொல்ல வேண்டுமானால், அவள் எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

மருத்துவம் முடித்து மேற்படிப்புக்கு மனநலத்தை எடுக்கிறேன் என்று அவள் சொன்னபோது அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "கத்தியைப் பிடிப்பான்னு பார்த்தா, கதை கேக்கப் போறாளாம்" என்று அம்மாவிடம் பல நாள் புலம்பினார். சித்தப்பாவுக்கோ கொண்டாட்டம். எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும், "என் மண்டையைக் கொஞ்சம் பாரும்மா" என்று நாலு பேர் நடுவில் தலையை நீட்டுவார். "பார்க்கலாம் சித்தப்பா, உள்ளே ஏதாவது இருந்தா சொல்றேன்" என்றாள் ஒரு நாள். அதோடு அவர் தலையை நீட்டுவதை விட்டுவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த பெரிய மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பின்பக்கம், சலவைக் கூடத்தையும் தாண்டி ஒதுக்கி வைத்திருந்தார்கள். அக்காவின் கண் அங்கே இல்லை. அது எப்போதும் அவசரப் பிரிவில்தான் இருந்தது. உயிரை விடத் துணிந்து, எப்படியோ பிழைத்துவிட்ட இளம் பிள்ளைகள் அங்கேதான் வருவார்கள். உடம்பு தேறும்வரை வைத்திருந்து, பெற்றவர்களை நினைத்துப் பார்த்தாயா என்று ஆளாளுக்குத் திட்டி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லாரும் அவர்களைத் திட்டினார்களே தவிர, ஒருவரும் எதையும் கேட்கவில்லை.

அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு பெண்ணிடம் கேட்டாள். "சாகணும்னு இப்பவும் தோணுதா?"

பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "இப்படியா பட்டவர்த்தனமா கேப்பீங்க? மறந்துட்டு இருக்கிற புள்ளைக்கு நீங்களே எடுத்துக் கொடுப்பீங்க போலிருக்கே!"

"இது மறந்து போற விஷயமா சார்? கேட்டதால யாருக்கும் புதுசா அந்த எண்ணம் வந்துடாது. ஏற்கனவே இருக்கிறவங்களுக்கு, அப்பாடா ஒருத்தராவது கேட்டாங்களேன்னு இருக்கும். போய்ப் பாருங்க, அந்தப் பொண்ணு அழுதுட்டு இருக்கா. வந்ததுல இருந்து இப்பதான் அழறா."

அவர் போய்ப் பார்க்கவில்லை. அக்கா முக்காலிக்குத் திரும்பிப் போனாள். அன்று தொடங்கியது அந்த முக்காலி. அப்புறம் வார்டில் அதை யார் எடுத்துப் போனாலும் சண்டைக்கு நின்றாள்.

பல வருடம் மேலிடத்தோடு மல்லுக்கட்டி, இளைஞர்களுக்கென்று தனியாக ஒரு கிளினிக் வாங்கினாள். மருத்துவமனைக்கு வெளியே, ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில். அதே மாடியில் ஒரு கணினி வகுப்பும் தையல் வகுப்பும் நடந்தன. மாடிப்படியில் ஏறுகிறவர்கள் எதற்கு ஏறுகிறார்கள் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் அந்த இடத்தைப் பிடித்தேன் என்று பெருமையாகச் சொல்வாள். டயரின் ரப்பர் நாற்றத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் காது கேட்காது.

அவளுக்கென்று ஒரு வேலை முறை இருந்தது. மருத்துவமனையின் விதிப்படி, சொன்ன தேதிக்கு ஒருவர் இரண்டு முறை வராவிட்டால் அவருடைய பைலை மூடிவிடலாம். அக்கா இதைக் கேட்டாலே கொதிப்பாள். "கொஞ்சம் தெம்பா இருக்கிறவன் வந்து உக்காந்து பேசிட்டுப் போவான். படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாதவன்தான் வர மாட்டான். அவன் பைலை மூடிட்டு யாருக்கு வைத்தியம் பார்க்கிறது, காலி நாற்காலிக்கா?" ஆகவே, யார் வரவில்லையோ அவர்கள் வீட்டுக்கு அவளே போவாள். வாரத்தில் ஒரு நாள் அதற்கென்றே வைத்திருந்தாள்.

இந்தக் கூத்தில் நான் மாட்டியது என் காரால். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். மருத்துவமனை வேனில் போனால் அதன் மேலே எழுதியிருப்பதைத் தெருவே எழுத்துக்கூட்டிப் படிக்கும். என் காரின் தலையில் 'எல்' போர்டு இருக்கும். அது ஒரு வீட்டு முன்னால் நின்றால், இந்த வீட்டுப் பிள்ளை கார் பழகுகிறது என்றுதான் நினைப்பார்கள். உள்ளே அக்கா ஓர் உயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பாள். வெளியே நான் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு கிளட்சை விளக்கிக்கொண்டிருப்பேன். என்னிடம் படித்து லைசென்ஸ் வாங்கியவர்களில் பாதிப் பேர் அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான்.

அப்படித் தேடிப் போன வீடுகளில் ஒன்றில் ஒரு பெண் இருந்தாள். பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு அறைக்குள் அடைந்துகொண்டவள். அக்கா எத்தனை தரம் போனாலும் கதவு திறக்காது. அக்கா வெளியே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கதவைப் பார்த்தபடி ஊர்க்கதை பேசுவாள். மழை, டயர் கடைக்காரர், அப்புறம் நான். "என் தங்கச்சி ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறா. ஆனா அவளுக்கு வண்டியை நேரா நிறுத்தத் தெரியாது. நேத்து சுவரோட போய் ஒட்டிட்டா." கூடத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. பல வாரம் இப்படிப் போன பிறகு ஒரு நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "இடிச்சாங்களா, இல்லையா?"

"இடிச்சா. ஆனா ஒத்துக்க மாட்டா" என்றாள் அக்கா. பிறகு கொஞ்சமும் குரலை மாற்றாமல், "உனக்குச் சாகணும்னு தோணுதாம்மா?" என்று கேட்டாள்.

"தோணுது" என்றது குரல்.

அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. மாத்திரை, பேச்சு, நடுவில் ஒரு சறுக்கல், மறுபடி மருத்துவமனை, மறுபடி படிப்பு. அந்தப் பெண் இப்போது அதே கிளினிக்கில் ஆலோசகர். அங்கே எல்லாரும் அவளைக் 'கதவு' என்று கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

இனி அந்த இளைஞன். அவனுக்கும் கிளினிக்கில் ஒரு பட்டப்பெயர் உண்டு, 'சிரிச்ச முகம்'. சொன்ன தேதிக்கு, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பான். மாத்திரை தவறாமல் போடுவான். தேடிப் போகவே தேவையில்லாத பிள்ளை. கடைசியாக வந்தபோது புதுச் சட்டை போட்டிருந்தான், வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னான். அந்த வாரமே போய்விட்டான்.

செய்தி வந்த நாளில் உள்ளே போய்ப் படுத்தவள்தான் என் அக்கா.

அந்த வாரக் கடைசியில் கதவு எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், நேரே போய் அக்காவின் அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டர், உங்க தங்கச்சி இன்னிக்கும் வண்டியைக் கோணலாத்தான் நிறுத்தியிருக்காங்க."

"இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?" என்றேன். அவள் உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கினாள். டயர் கடைக்காரர் மாடிப்படிக்கு வெள்ளை அடித்ததைச் சொன்னாள். தையல் வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் குழாய்த் தண்ணீர்ச் சண்டை வந்ததைச் சொன்னாள். பிறகு, கொஞ்சமும் குரலை மாற்றாமல் கேட்டாள்.

"டாக்டர், உங்களுக்குச் சாகணும்னு தோணுதா?"

அந்த வாரம் முழுக்க என் தொண்டையில் நின்ற கேள்வி அது.

"இல்லை" என்றாள் அக்கா உள்ளிருந்து. பிறகு, "நிஜமாவே இல்லை. ஆனா தூங்க முடியலை. அவன் சட்டைதான் கண்ணுல நிக்குது."

"சொல்லுங்க."

"வராதவங்களையெல்லாம் தெருத் தெருவாத் தேடினேன். ஒரு தடவைகூடத் தவறாம வந்தவனை விட்டுட்டேன். ஊருக்கெல்லாம் கேளு கேளுன்னு சொல்றவ, அன்னிக்கு அவனை மட்டும் கேக்கலை. அவ்வளவு சந்தோஷமா உக்காந்திருந்தான். அதைப் போய்க் கெடுப்பானேன்னு தோணிடுச்சு." குரல் உடைந்தது. "அந்தப் பெரிய டாக்டர் வராந்தாவுல வெச்சு என்கிட்ட சொன்னாரே, அதையேதான் நானும் பண்ணியிருக்கேன். இனிமே எனக்கு இந்த வேலை வேண்டாம்."

"கேட்டிருந்தா இருந்திருப்பானா டாக்டர்?"

"தெரியாது. கடைசிவரைக்கும் தெரியப் போறதும் இல்லை."

"எனக்கும் தெரியாது. என்னைக் கேட்டீங்க, நான் இருக்கேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

உள்ளே அக்கா அழுவது கேட்டது. எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. கதவு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வேலையை விடறதுன்னா விடுங்க" என்றாள் கடைசியில். "ஆனா அவன் வீட்டுக்கு யாரு போறது? அவனுக்கு ஒரு தங்கச்சி இருக்கா. அண்ணன் போனதுல இருந்து காலேஜுக்குப் போகலையாம், யார்கிட்டயும் பேசறதில்லையாம். நாங்க போன் பண்ணினா அவங்க அம்மா வெச்சிடறாங்க. நேர்ல போனோம், திறக்கலை."

படீரென்று அறைக் கதவு திறந்தது. வாரப்படாத தலை, வீங்கின கண், கசங்கின சேலை. "இதை இப்ப வந்து சொல்றே? போன் பண்ணிச் சொல்றதுக்கென்ன?"

"பண்ணினோமே. நீங்க தூங்குறதாச் சொன்னாங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாவியைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"முகத்தைக் கழுவிட்டு வா" என்றேன். "வண்டியை எடுக்கறேன்."

கதவு பின்னால் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அக்கா என் பக்கத்து இருக்கையில், கற்றுக்கொடுக்கிறவளுக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலை எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுக்குமாடியில் அவர்கள் வீடு. வாசலில் செருப்புகளோடு ஒரு பெரிய ஷூவும் இருந்தது, அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும். அக்கா மணியடித்தாள். கொஞ்சம் நின்று, மறுபடி அடித்தாள். அவனுடைய அம்மா ஒரு கை அகலம் மட்டும் கதவைத் திறந்தார்.

"உங்களை நம்பித்தானே அனுப்பினோம்" என்றார்.

"ஆமாம்மா."

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

"சின்னவளைப் பார்க்கணும்."

"வேண்டாம். அவகிட்ட போய் அதையெல்லாம் பேசாதீங்க. அவளுக்கு அந்த நினைப்பே இல்லை. நீங்க பேசி, அவ மனசுலயும் அதைப் போட்டுடாதீங்க." அந்த அம்மாவின் கை கதவை மூடப் பார்த்தது.

அக்கா கதவைத் தடுக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "உங்க பையன் சிரிச்சுட்டு வந்தான்னு நான் கேக்காம விட்டுட்டேன்மா. அந்தத் தப்பு என்னோடது. நீங்க என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, கேட்டுக்கறேன். ஆனா சின்னவகிட்ட கேக்காம இந்த வாசலை விட்டு நான் போக மாட்டேன். இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு வருவேன். நாளைக்கும் திறக்கலைன்னா அப்புறமும் வருவேன்."

அந்த அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். வாரப்படாத தலையையும் வீங்கின கண்ணையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"ரூமைச் சாத்திட்டு இருக்கா" என்று சொல்லி விலகி வழிவிட்டார்.

அக்கா உள்ளே போய், அந்த அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் வந்து அவரும் உட்கார்ந்தார். இந்த முறை அக்கா மழையைப் பற்றிப் பேசவில்லை, என் வண்டியைப் பற்றியும் பேசவில்லை.

"நான் அண்ணனோட டாக்டர்மா. அவன்கிட்ட கடைசியா ஒண்ணு கேட்டிருக்கணும், கேக்கலை. அதை உன்கிட்ட கேக்கறேன். உனக்கும் சாகணும்னு தோணுதா?"

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"தோணுது" என்றது உள்ளிருந்து ஒரு சின்னக் குரல்.

"சொன்னியே, நல்லதும்மா" என்றாள் அக்கா. "நானும் அம்மாவும் இங்கேயேதான் இருக்கோம். நீ மெதுவா வா."

நான் கீழே போய், இன்றைக்குக் கார் வகுப்பு இல்லை என்று எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன்.