இரண்டு மாட்டு வண்டிகள் விலத்திப் போன ஒழுங்கை

எங்கள் ஊருக்கு வரலாறு இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். இந்தக் கண்டுபிடிப்பால் உலகத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. எனக்கு மூன்றரை அடி நட்டம்.

எங்கள் பிரதேச சபை ஒரு புத்தகம் வெளியிடத் தீர்மானித்திருந்தது. ஒவ்வொரு வட்டாரத்தின் புவியியலையும் வரலாற்றையும் உள்ளூராட்சியையும் அந்தந்த வட்டாரத்து ஆள் ஒருவரே எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் வட்டாரத்து உறுப்பினர் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒரு ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளை என் மதிலோடு சாத்திவிட்டு உள்ளே வந்தார். பத்திரிகைகளின் வாரமலரில் நான் இடைக்கிடை நகைச்சுவைக் கட்டுரை எழுதுவதால் ஊரில் எனக்கு எழுதத் தெரிந்த ஆள் என்று ஒரு பெயர். கலியாண வாழ்த்து, செத்தவர் நினைவாக அச்சடிக்கும் அந்தியேட்டிக் கல்வெட்டு, உரம் கிடைக்கவில்லை என்ற மனு எல்லாம் என்னிடம்தான் வரும். மூன்றும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

“அண்ணை, பத்துப் பக்கம் காணும். முசுப்பாத்தி மட்டும் வேண்டாம். தவிசாளர் அணிந்துரை எழுதுறார்” என்றார் உறுப்பினர்.

புவியியல் சுலபமாக முடிந்தது. வடக்கே சுடலை, தெற்கே கள்ளுத் தவறணை, கிழக்கே வயல், மேற்கே புத்தூருக்கும் கோப்பாய்க்கும் பஸ் ஓடுகிற பெரிய வீதி. இவ்வூர் ஆண்களின் வாழ்க்கை தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்கிறது என்று எழுதி, முசுப்பாத்தி என்று நானே வெட்டினேன். ஆறு இல்லை. மலையும் இல்லை; கீரிமலையை நம்பி ஒரு மலை என்று போடலாமென்றால், அங்கேயும் மலை இல்லை, அத்தோடு அது வேறு சபை.

வரலாற்றில்தான் மாட்டிக்கொண்டேன். எந்த அரசனும் எங்கள் ஊர்மேல் படையெடுக்கவில்லை. அயலூருக்குப் படையெடுத்துப் போனவன்கூட வழியில் தண்ணீர் குடிக்க நிற்கவில்லை. போத்துக்கேயர் வந்து போனதற்கு ஒரே சான்று எங்கள் வீடுகளில் உட்காரக் கிடக்கும் கதிரை. பொருளையும் சொல்லையும் சேர்த்தே விட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளூராட்சி அந்தக் கதிரையிலிருந்துதான் தொடங்கியது என்று எழுதினேன். அதை உறுப்பினர் வெட்டினார். உள்ளூராட்சி பற்றி நான் எழுதிய மிச்சத்தையும் வெட்டினார்: ஒழுங்கையில் உள்ள பள்ளம் ஒரு அரசாங்கக் கந்தோருக்குச் சொந்தம், பள்ளத்தில் நிற்கும் வெள்ளம் இன்னொரு கந்தோருக்கு, வெள்ளத்தில் முட்டையிடும் நுளம்பு மூன்றாவது கந்தோருக்கு. மூன்று கந்தோரும் சேர்ந்து வந்து பார்த்த நாளில் வெயில் எறித்தது.

ஆறு பக்கம்தான் தேறியது. மிச்ச நாலு பக்கத்துக்கும் வேறு வழியில்லாமல் பெரிய வீதியிலிருந்து என் வீட்டுக்கு வரும் ஒழுங்கையைப் பற்றி எழுதினேன். கடைசிப் பந்தி இப்படி முடிந்தது: “அக்காலத்தில் இவ்வொழுங்கையில் இரண்டு மாட்டு வண்டிகள் ஒன்றையொன்று தாராளமாக விலத்திச் செல்லும்.”

இதை நான் கண்டதில்லை. கண்டவர் யாரும் எனக்குச் சொன்னதுமில்லை. பந்தியை முடிக்க ஏதாவது ஒன்று அசைய வேண்டியிருந்தது, வண்டிகள் வந்தன.

உண்மையான ஒழுங்கையில் ஒரு சைக்கிளும் ஒரு மாடும் எதிர்ப்பட்டால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். மாடு போவதில்லை. ஒழுங்கை இப்படி ஒடுங்கியதற்கு யாரையும் கள்ளன் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் வருசத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன், வேலியைப் பிரித்து அடைப்போம். உக்கிப்போன வேலித் தடியை, கதியாலை, பிடுங்கிப் புதுக் கதியால் நட வேண்டும். பழைய கிடங்கில் மண் இளகியிருக்கும், கதியால் நிற்காது. ஆகவே பக்கத்தில் புதுக் கிடங்கு கிண்டுவோம். பக்கம் என்றால் இரண்டு பக்கம் உண்டுதான். ஆனால் உள்பக்கம் கிண்டிய ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. நாலு விரல் அகலம் ஒழுங்கைக்குள் போகும். அடுத்த வருசம் இன்னும் நாலு விரல். எதிர் வீட்டுக்காரர் அதைக் கண்டு தன் பங்குக்கு நாலு விரல் வருவார். இதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

நான் ஒரு படி மேலே போனவன். வேலி அடைத்துச் சலித்து, பத்து வருசத்துக்கு முன் மதில் கட்டினேன். கதியால்களுக்குச் சேதம் வரக்கூடாது என்று மேசன் மதிலை வேலிக்கு வெளியே கட்டினார். மதில் எழும்பிய பிறகு கதியால்களை வெட்டி அடுப்பெரித்தோம். கேற்றின் இரண்டு தூண்களிலும் சீமெந்துத் தாமரை மொட்டு வைத்தேன். உள்ளே, மதில் நிழலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. பின்னேரங்களில் அதிலிருந்துதான் எழுதுவேன்.

ஒழுங்கையின் தொங்கலில், கடைசி வீட்டில், ஒரு தம்பி இருக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். போன் திருத்துகிறவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில்தான் எல்லாம். என்ன நடந்தது என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை, வயதையும் ஊரையும் சேர்த்தால் விடை வந்துவிடும். கோடையில் அவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு சந்திக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, எல்லோரையும் நக்கல் அடித்துவிட்டுப் போவார். ஐப்பசி பிறந்தால் ஒழுங்கைச் செம்மண் களியாகிவிடும். சில்லு புதையும். ஐப்பசியிலிருந்து தை மாதம் வரை அவர் வெளியே வருவதில்லை. திருத்த வேண்டிய போன்கள் பையில் கட்டப்பட்டுக் கைமாறி உள்ளே போகும், சொந்தக்காரர்கள் போவதில்லை. போன மாரியில் காய்ச்சல் வந்தபோது நாங்கள் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்தோம். “சாமி வெளிவீதி வருது, கற்பூரம் கொளுத்துங்கோ” என்று மேலே இருந்து சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் சிரித்தோம். அவரைப் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை.

ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டுத் தரும்படி அவர் பெயரில் சபைக்கு மூன்று மனு போனது. மூன்றும் என் எழுத்து. ‘செஞ்சேற்றுச் சிறையில் வாடும்’ என்றெல்லாம் எழுதியிருந்தேன். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது. பத்தடிக்குக் குறைந்தது ஒழுங்கை அல்ல, நடைபாதை. உங்களுடையது ஆறரை அடி. நடைபாதைக்குக் கொங்கிறீற் போடும் வழக்கமில்லை.

இதற்கிடையில் புத்தகம் வெளியானது. பொன்னாடை போர்த்தினார்கள், உரைகள் நடந்தன, ஒருவரும் வாசிக்கவில்லை. அந்த மாரியில் வீட்டோடு கிடந்த, போன் திருத்துகிற தம்பி மட்டும் வாசித்திருக்கிறார், அட்டையிலிருந்து அட்டைவரை. வெயில் வந்ததும் நாலாவது மனுவைத் தானே எழுதினார். ஒரே வரி: ‘இணைப்பைப் பார்க்கவும்.’ இணைப்பு என் கடைசிப் பந்தியின் போட்டோ பிரதி.

ஆவணியில் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். ஒரு பழைய வரைபடமும், அளவு ரேப்பும், ஒரு தகரம் சிவப்பு மையும் கொண்டுவந்தார். வரைபடத்தில் எங்கள் ஒழுங்கை இருந்த மூலையைக் கறையான் சாப்பிட்டிருந்தது. ஆகவே சபையிடம் இருக்கும் ஒரே ஆதாரம் சபை வெளியிட்ட புத்தகம்தான் என்று அவர் எனக்கு மரியாதையாக விளக்கினார். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு வண்டி ஐந்தடி, இரண்டு வண்டி பத்தடி என்று விரல்விட்டுச் சொன்னார்.

“பேந்து நீங்கள் ‘தாராளமாக’ எண்டு எழுதியிருக்கிறீங்கள் சேர். அதுக்கு ரெண்டடி.”

இத்தனை வருச எழுத்தில் என் ஒரு சொல்லை இவ்வளவு கவனமாக வாசித்த விமரிசகர் எனக்கு வாய்த்ததில்லை.

ஒழுங்கை வாசலில் ஒரு பழைய மதகு இருக்கிறது. ஊரில் நகராத பொருள் அது ஒன்றுதான். அதன் நடுவிலிருந்து கயிறு பிடித்து, இரண்டு பக்கமும் ஆறடி அளந்துகொண்டு வந்தார். எதிர் வீட்டில் வேலையிலிருந்து இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் இருக்கிறார். அவருடைய வேலி நடுவிலிருந்து நாலடியில் நின்றது. என் மதில் இரண்டரை அடியில். உத்தியோகத்தர் மதிலைப் பார்த்தார், தாமரை மொட்டைப் பார்த்தார், பிறகு கேற்றைத் திறக்கச் சொன்னார். உள்ளே வந்து ரேப்பை நீட்டி ஒரு முளை அடித்தார்.

“சேர், கதிரையைக் கொஞ்சம் எடுங்கோவன். ஒழுங்கையிலை நிக்குது.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு வண்டிகள் விலத்திப் போன ஒழுங்கைக்குள்ளேயே கதிரை போட்டிருந்துதான் அந்த வசனத்தை நான் எழுதியிருக்கிறேன். வண்டிகள் எப்படித்தான் விலத்தினவோ தெரியவில்லை.

குசினி யன்னலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, “இஞ்சேருங்கோ, ஒரு வண்டி எண்டு எழுதியிருந்தா என்ன குறைஞ்சு போகும்?” என்று கேட்டாள்.

மறுநாள் தவிசாளரிடம் போனேன். அது வெறும் கற்பனை, இலக்கியத்தில் அப்படி எழுதுவது வழக்கம் என்று விளக்கினேன். அவர் அணிந்துரையைத் திறந்து ‘ஆதாரபூர்வமான வரலாறு’ என்று தான் எழுதிய இடத்தைக் காட்டினார். பொய்யென்றால் பொய்யென்று எழுதித் தரலாம், அடுத்த கூட்டத்தில் வாசித்துப் பதிவார்களாம். மற்றபடி சபை ஒருவருடைய மதிலையும் பலவந்தமாக இடிக்காது; ஒழுங்கையில் உள்ள எல்லோரும் ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்தால் இந்த மாரிக்கு முன் வேலை நடக்கும், இல்லையென்றால் பெயர் பட்டியலின் அடிக்குப் போகும். அடி என்றால் எவ்வளவு அடி என்று கேட்டேன். தனக்கும் தெரியாது, அங்கே போன ஒழுங்கை ஒன்றும் திரும்பி வரவில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எதை வேண்டுமானாலும் எழுதக்கூடிய எனக்கு, ‘நான் எழுதியது பொய்’ என்ற மூன்று சொல் மூன்று நாளாகியும் வரவில்லை. கதிரையையும் மூன்று தரம் இடம் மாற்றிப் பார்த்தேன்.

கூட்டம் சனசமூக நிலையத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம். அன்று காலை புரட்டாதியிலேயே மழை முந்திக்கொண்டு ஒரு ஊற்று ஊற்றியிருந்தது. ஒழுங்கைக்காரர் எல்லோரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வர வேண்டியவர் மட்டும் வர முடியவில்லை. உறுப்பினர் அவருக்கு அழைப்பு எடுத்து, ஒலியைக் கூட்டி, போனை மேசையில் பத்திரிகைக் கட்டின்மேல் வைத்தார். அங்கே எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

தபாலதிபர் எழும்பி, தான் பொதுநலத்துக்கு எந்தக் காலத்திலும் குறுக்கே நின்றதில்லை என்றும், முன் வீட்டு எழுத்தாளர் மதிலைத் தள்ளினால் தன் வேலியை மறுநாளே தள்ளுவதாகவும் அறிவித்தார். மற்றவர்களும் அதையே ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லோருடைய முகத்திலும் ஒரு நிம்மதி. நான் தள்ளமாட்டேன் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

உறுப்பினர் என் பக்கம் திரும்பினார். அது இலக்கியம், அந்தக் காலம் வேறு என்று நான் ஏதோ தொடங்கினேன். மேசையிலிருந்து குரல் வந்தது.

“அண்ணை, நீங்கள் எழுதினது பொய்யெண்டா சொல்லுங்கோ, நான் விட்டிடுறன். உண்மையெண்டா மதிலைத் தள்ளுங்கோ. ரெண்டுக்கும் நடுவிலை நிக்கிறதுக்கு என்னட்டை ஒழுங்கை இல்லை.”

கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் போனுக்குள்ளும் கேட்டது, வெளியிலும் கேட்டது. மேசையில் கிடந்த அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மைல் தூரத்தில் இருக்கிற மனிதர் கடல் கடந்த சொந்தக்காரர் மாதிரிக் கதைத்துக்கொண்டிருக்கிறார்.

“வண்டி போனது எனக்குத் தெரியாது தம்பி,” என்றேன். “என்ரை கதிரை ஒழுங்கையிலை கிடக்குது. அது தெரியும். மதிலைத் தள்ளுறன்.”

“விளங்கேல்லை அண்ணை. லைன் சரியில்லை. திருப்பிச் சொல்லுங்கோ.”

லைன் நன்றாகத்தான் இருந்தது. போன் திருத்துகிறவருடைய போன். ஊர் முழுவதும் கேட்க இன்னொருமுறை, இன்னும் உரத்துச் சொன்னேன். தபாலதிபர் மெல்ல உட்கார்ந்தார். அவருடைய முகத்தை வர்ணிக்கலாம். அயலவர் என்பதால் விடுகிறேன். கையெழுத்து வைக்கும் தாள் சுற்றி வந்தபோது பேனை எழுதவில்லை என்று மூன்று பேர் சொன்னார்கள். உறுப்பினர் நாலு பேனை கொண்டுவந்திருந்தார்.

மதிலை இடிக்க ஒரு நாள்தான் சென்றது. கட்டும்போது இவ்வளவு கெதியாக நடக்கவில்லை. தாமரை மொட்டுகளை மனைவி கிணற்றடியில் வைத்துவிட்டாள். ஒன்றின்மேல் சவர்க்காரம் வைக்கலாம். ஐப்பசி முதல் கிழமையில், கிடைத்த வெயிலுக்குள் கொங்கிறீற் போட்டார்கள். பன்னிரண்டடி கிடைக்கவில்லை, அளந்து அளந்து, முனகி முனகி, பத்தடி ஒரு அங்குலம் வந்தது. ‘தாராளமாக’ என்ற சொல்லின் பெறுமதி ஒரு அங்குலம் என்று உத்தியோகத்தர் சொன்னார். அவருக்கும் எழுத வரும் போலிருந்தது.

இப்போது சபை இரண்டாம் பதிப்புப் போடுகிறது. திருத்தம் இருந்தால் தரச் சொன்னார்கள். கார்த்திகையில் ஒரு நாள், நல்ல மழை. போன் திருத்துகிற தம்பி மடியில் குடையை ஊன்றிக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல், சந்தியில் தேத்தண்ணி குடிக்கப் போய்க்கொண்டிருந்தார். என் புதுக் கேற்றடியில் நிறுத்தினார். வண்டி வசனத்தை என்ன செய்வது என்று அவரிடமே கேட்டேன்.

“ஒரு வீல்செயரும் ஒரு மாடும் விலத்திப் போகும் எண்டு போடுங்கோ. முந்தநாள் நடந்தது.”

“யார் விலத்தினது?”

“அதைப் போட வேண்டாம்” என்றார்.

இந்தமுறை கண்ணால் காணாமல் எழுதுவதில்லை என்று குடையை எடுத்துக்கொண்டு அவரோடு சந்திவரை நடந்தேன். தபாலதிபரின் மாடு நடு ஒழுங்கையில் நின்றது.