வாராவாரம் துடைத்த வெள்ளைக் கோடு

எங்கள் வீட்டு மீன் தொட்டி பன்னிரண்டு வருடப் பழசு. அதன் வெளி மூலையில் வெள்ளையாக ஒரு கோடு படியும். அழுக்கென்று நினைத்து, வியாழக்கிழமை வீடு கழுவும்போது அதையும் துடைத்துவிடுவேன்.

போன மாதம் ஊரிலிருந்து வந்த தங்கை அதைக் குனிந்து பார்த்தாள். "லாத்தா, இது அழுக்கு இல்ல. தண்ணி கசிஞ்சு காய்ஞ்ச உப்பு" என்றாள். அவள் நகம் பட்டதும் மூலையில் கண்ணாடிகளை ஒட்டியிருந்த சிலிக்கான் பசை தோல் மாதிரி உரிந்து வந்தது. நேர் கீழே பிளக் போர்டு.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டுத் தண்ணீரை அள்ளத் தொடங்கினோம். பாதிகூடக் குறையவில்லை, மூலை பிளந்துவிட்டது. போர்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

இப்போது தொட்டி புதிது. துணியை எடுக்கும் முன் நான்கு மூலைகளையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். வீட்டைப் பளிச்சென்று வைத்திருப்பதாக எனக்குப் பெயர் வாங்கித் தந்த துணிதான் அத்தனை நாளும் கசிவை மறைத்தது.

- ஷகிலா, நன்னிலம்