விஜயராணி ஒட்டிய ஸ்டிக்கர்

விஜயராணி என்ற பெயர் சின்னத்தாயின் காதில் முதன்முதலாக விழுந்தது, தன்னைப் பெண் பார்க்க வந்த அன்று. குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து மாப்பிள்ளை அந்தோணிராஜின் அம்மா மரியபுஷ்பம் வந்திருந்தாள். "எனக்கு மகளும் ஒருத்தி உண்டு, விஜயராணி. ஒரு மீன் நாறினாலும் கூடையையே திருப்பி விட்டுருவா. அவ அப்பன் உயிரோட இருந்தப்ப அவரு புடிச்ச மீனையும் விடல," என்று சொல்லிச் சிரித்தாள். சின்னத்தாயும் கூடச் சிரித்து வைத்தாள்.

கல்யாணமாகி, ராபின் பிறந்து, கடலில் வரும்படி படுத்துப்போன பிறகு அண்ணன், தங்கை, மைனி மூன்று பேரும் திருப்பூருக்கு வந்து சேர்ந்தார்கள். பேரனை மரியபுஷ்பம் தன்னோடு வைத்துக்கொண்டாள். அந்தோணிராஜ் சாயப்பட்டறைக்குப் போனான். சின்னத்தாய் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். விஜயராணி அங்கேயே செக்கிங். தையல் விட்ட இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவாள்.

சூப்பர்வைசர் மயில்சாமிக்கே அவளிடம் கொஞ்சம் பயம். "ஏம்புள்ள, உங்கண்ணன் சம்சாரம் தெச்சதுக்குமா ஸ்டிக்கரு? அப்புறம் ஊட்டுல எப்படிச் சோறு போடுவாங்க?"

"சோத்துல கல்லு கெடந்தா அதுலயும் ஒட்டுவேன் சார்."

மிஷின் வரிசை முழுக்கச் சிரிக்கும். சின்னத்தாய்க்குத்தான் சிரிப்பு அடங்க நேரமாகும்.

இரண்டாயிரத்து நாலில் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. ராபினுக்கு மஞ்சள் துணியில் ஒரு பனியனும் தைத்தாயிற்று. கிளம்புகிற அன்று விஜயராணி ஒரு லாட் பனியனையே திருப்பிவிட்டாள். கழுத்துத் தையல் பிரிந்தது. சின்னத்தாயின் வரிசை தைத்த லாட்டு அது.

"ஷிப்மெண்ட்டுங்க, நான் என்ன பண்ணட்டும்? பிரிச்சுத் தெச்சுக் குடுத்துப்போட்டு எங்க வேணும்னாலும் போங்க," என்றார் மயில்சாமி. பண்டிகை அன்றைக்கும் உட்கார்ந்து பிரித்தார்கள், தைத்தார்கள். அந்தோணிராஜும் தனியாகப் போகாமல் தங்கிவிட்டான். மறுநாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது.

மரியபுஷ்பம் தென்னந்தோப்பில் கிடைத்தாள். ராபின் கிடைக்கவேயில்லை.

"அந்த லாட்டை நீ விட்டிருந்தா பிள்ளை எங்க கையில இருந்திருப்பான்," என்று அந்தோணிராஜ் தங்கையிடம் சொன்னான்.

"நாமளும் சேந்து போயிருப்போம். அவளைச் சொல்லாதீங்க," என்று தடுத்தவள் சின்னத்தாய்தான்.

திருப்பூரிலிருந்து நிவாரணத் துணி ஏற்றிய லாரியில் ஏறிப்போன விஜயராணி திரும்பவில்லை. பிணம் தூக்கினாள், கஞ்சி ஊற்றினாள். ஒரு தொண்டு நிறுவனம் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. கை சுத்தம், வாய் கண்டிப்பு. இரண்டு வருஷத்தில் அந்தக் கரையில் இருந்த முகாம் அத்தனைக்கும் பொறுப்பு அவள்தான். ஜீப்பை விட்டு இறங்கினால் 'மேடம்' என்று எழுந்து நின்றார்கள்.

அந்த நிறுவனம் வீடு கட்டிக் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, சின்னத்தாய் தனியாக பஸ் ஏறிப் போனாள். தகரக் கொட்டகைதான் ஆபீஸ்.

"எனக்கொரு வீடு குடுட்டி. நாளப்பின்ன ராபின் வந்தா இந்த ஊருக்குத்தானே தேடி வருவான்?"

விஜயராணி நிமிர்ந்து பார்க்கவில்லை. "அலை வந்த அன்னைக்கு இங்க குடியிருந்தவங்களுக்குத்தான் வீடு. நீங்க அன்னைக்கு இங்க இல்லேல்லா, மைனி."

"என் பிள்ளை இருந்தான்லா?"

"இருந்தான். அம்மையும் இருந்தா. எனக்கும்தான் வீடு இல்ல. நம்ம ஆளுன்னு உங்களுக்கு ஒண்ணு குடுத்தா, தார்ப்பாய்க்குள்ள கெடக்கிற ஒரு குடும்பம் அங்கயேதான் கெடக்கும்."

"நான் ஏன் அன்னைக்கு இங்க இல்லன்னு உனக்குத் தெரியாதாட்டி?"

விஜயராணி ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து மைனியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அப்போ என் மேலயும் ஸ்டிக்கர் ஒட்டிட்ட, இல்லியா?"

இந்தத் தடவை சிரிக்க ஆளில்லை. சின்னத்தாய் தண்ணீரைத் தொடாமல் எழுந்தாள். பையில் மஞ்சள் பனியன் இருந்தது. அதை வெளியே எடுக்காமலே கொண்டுபோனாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் பழைய மிஷினில் உட்கார்ந்தாள். அந்தோணிராஜ் தங்கையின் பெயரை வீட்டில் எடுக்க விடுவதில்லை. சின்னத்தாயும் இப்போது அவனைத் தடுப்பதில்லை.

விஜயராணி இப்போது பீகாரில் இருக்கிறாள். கோசி ஆற்று வெள்ளத்தில் வீடு போன ஜனங்களுக்காக அவளுடைய நிறுவனம் போட்டிருக்கிற முகாம்களுக்கு அவள்தான் தலைமை.